சாக்கெட்டும் சாலிடரும்: ஒரு திங்க்பேட் கையேட்டை முன்வைத்து

போன மாதம் ஒரே வாரத்தில் இரண்டு லேப்டாப்கள் என் மேசைமேல் பிரிந்து கிடந்தன. ஒன்று என்னுடைய திங்க்பேட் டி430. 2012-ல் வந்த மாடல். ஏதோ ஒரு கம்பெனியில் உழைத்து முடித்து, செகண்ட் ஹேண்டாக என்னிடம் வந்தது. அதற்கு எந்த வியாதியும் கிடையாது. பிராசசரை மட்டும் பெரிதாக மாற்றலாம் என்று நானே திறந்தேன். இன்னொன்று மாடி வீட்டுப் பையனுடையது. 2020-ல் ஊரடங்கு சமயம், ஆன்லைன் வகுப்புக்காக அவன் அம்மா 48,000 ரூபாய் போட்டு வாங்கிக் கொடுத்தது. மெலிசு, அழகு. ஒரு நாள் காலையில் பட்டனை அழுத்தினால் விளக்கே வரவில்லை.

என் மேசையில் பிராசசர் தனியாகக் கழன்று கிடப்பதைப் பார்த்துவிட்டு அவன் கேட்டான்: "அங்கிள், இத மாதிரி என்னோடதுலயும் புதுசா ஒண்ணு மாத்திட்டா ஓடுமா?"

இரண்டு கேள்விகளை ஒன்றாகக் குழப்பிவிட்டான் என்றுதான் முதலில் நினைத்தேன். செத்த மெஷினுக்கு பிராசசர் மாற்றுவதால் என்ன பயன்? ஆனால் யோசிக்க யோசிக்க, யூடியூபில் 'லேப்டாப் பிராசசரை மாற்றலாமா' என்று வீடியோ போடுகிறவர்களைவிட அவன் சரியான இடத்தில் கை வைத்திருக்கிறான் என்று பட்டது. அதைத்தான் கொஞ்சம் விரிவாக எழுதிப் பார்க்கிறேன்.

முதலில் என் கதை. பழைய பத்திரிகைப் பக்கங்களைப் படம் எடுத்து ஆயிரக்கணக்கில் சேர்த்து வைத்திருக்கிறேன். அவற்றை டெசரக்ட் என்கிற இலவச மென்பொருளில் போட்டு எழுத்தாக்குவது என் ராத்திரி வேலை. ஒரே நேரத்தில் நாலு பக்கம் ஓடவிட்டால் நாலு கோர் வேண்டும். என் மெஷினில் இருந்தது ஐ5-3320எம்: இரண்டு கோர், 2.6 கிகாஹெர்ட்ஸ். அதே தலைமுறையில் ஐ7-3632க்யூஎம் என்று ஒன்று உண்டு: நாலு கோர், 2.2 கிகாஹெர்ட்ஸ். முக்கியமான விஷயம், இரண்டுமே 35 வாட். அதே தலைமுறையில் 45 வாட் நாலு கோர்களும் கிடைக்கும், ஆனால் டி430-ன் சின்ன ஹீட் சிங்க்குக்கும் 65 வாட் சார்ஜருக்கும் அது அதிகச் சுமை. அதுவும் மயிலாப்பூரில், மே மாதத்தில், ஏசி இல்லாத அறையில். அறையில் ஏறுகிற ஒவ்வொரு டிகிரியும் அப்படியே சிப்பின் சூட்டில் போய் உட்காரும். அமெரிக்காவில் குளிர்ந்த அறையில் உட்கார்ந்து ஒருவர் 'நல்லா ஓடுது' என்று சொல்வதை இங்கே அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

திருமயிலையில் பறக்கும் ரயில் ஏறி சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கி ரிச்சி தெருவுக்கு நடந்தேன். (ஞாயிற்றுக்கிழமை போய் ஏமாந்த அனுபவம் ஏற்கெனவே உண்டு, இந்த முறை சனிக்கிழமை.) பழைய லேப்டாப்களிலிருந்து கழற்றிய பிராசசர்களை தட்டில் அடுக்கி வைத்திருக்கும் ஒரு கடையில் 2,700 ரூபாய்க்குக் கிடைத்தது. இங்கே ஒரு எச்சரிக்கை. இதே பெயரில், இதே நம்பரில், பின் வைத்ததும் உண்டு, போர்டில் நேரடியாகப் பற்றவைக்கும் உருண்டை வைத்ததும் உண்டு. பின் வைத்தது மட்டும்தான் சாக்கெட்டில் உட்காரும். திருப்பிப் பார்த்தாலே தெரிந்துவிடும். இணையத்தில் வாங்குகிறவர்கள் சிப்பின் முதுகில் எஸ்ஆர் என்று தொடங்கும் குறியீட்டைக் கேட்டு வாங்கி, அது எந்த வகை என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். கடைக்காரருக்கே பல நேரம் அந்த வித்தியாசம் தெரியாது.

வேலைக்கு முன்னால் படித்தது லெனோவோவின் ஹார்டுவேர் மெயின்டெனன்ஸ் மேனுவல். பிடிஎஃப்பாக இலவசமாகவே கிடைக்கிறது. இந்தக் குறிப்பை எழுத வைத்ததே அந்தக் கையேடுதான். சும்மா சொல்லக்கூடாது, எவ்வளவு பொறுமையான எழுத்து! எந்தப் பாகத்தைக் கழற்றுவதற்கு முன் எதையெல்லாம் கழற்ற வேண்டும் என்று வரிசை. எந்தத் திருகு எவ்வளவு நீளம், எவ்வளவு இறுக்க வேண்டும் என்று கணக்கு. திருகுகளில் நைலான் பூச்சு இருக்கிறது, ஒரு முறை கழற்றியதைத் திரும்பப் போடாதே என்றுகூட இருக்கிறது. (நான் போட்டேன். ரிச்சி தெருவில் அந்தத் திருகை எங்கே தேடுவது?) பேட்டரியை எடுத்துவிட்டு, கீபோர்டு, பாம்ரெஸ்ட், கீபோர்டைச் சுற்றியிருக்கும் சட்டம், ஃபேன், கடைசியில் சிபியு. சாக்கெட்டில் ஒரு தட்டைத் திருகு இருக்கும். அதை அரைவட்டம் திருப்பினால் பிடி விடுகிறது. 988 பின்னோடு சிப் கையில் வந்துவிடும். புதியதை முக்கோண அடையாளம் பார்த்து வைத்து, திருகை மறுபடி அரைவட்டம் திருப்பி, பழைய தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துவிட்டுப் புதிதாக ஒரு பொட்டு. லஸ் பக்கம் நடக்கும் மெட்ரோ வேலையின் பாதி புழுதி ஃபேனுக்குள் இருந்தது, அதைச் சுத்தம் செய்ததே ஒரு அப்கிரேடுதான். திறப்பதற்கு முன்பே பயாஸைப் புதுப்பித்து வைத்திருந்தேன். எல்லாம் சேர்த்து இரண்டு மணி நேரம். பூட்டியதும் ஒரே முறையில் எழுந்தது.

பலன்? 600 பக்கம் முன்பு 52 நிமிஷம் எடுத்தது, இப்போது 33. எனக்கு அது பெரிய விஷயம். ஆனால் மெயில் பார்ப்பது, பத்து டேப் திறப்பது, தட்டச்சு செய்வது எதிலும் ஒரு வித்தியாசமும் இல்லை. ஒற்றைக் கோரின் உச்ச வேகம் 3.3-லிருந்து 3.2-க்கு ஒரு துளி இறங்கியே இருக்கிறது. மூன்று வருஷம் முன்பு ஹார்டு டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்ட அன்று கிடைத்த ஆச்சரியத்தில் கால் பங்கு இல்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. விண்டோஸ் 11-க்கு இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை வேண்டும் என்கிறது மைக்ரோசாஃப்ட். இந்த சாக்கெட்டில் மூன்றாம் தலைமுறைக்கு மேல் எதுவும் ஏறாது. ஆக, சாக்கெட் இருந்தும் அந்தக் கதவு மூடித்தான் இருக்கிறது. நான் லினக்ஸில் இருப்பதால் தப்பித்தேன்.

அதனால் 'பழைய லேப்டாப்தான் லேப்டாப், பிராசசரே மாத்தலாம் தெரியுமா' என்று பழங்கதை பாடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு இது வேண்டாத வேலை. லேப்டாப் மெதுவாக இருக்கிறதா? எஸ்எஸ்டி போடுங்கள், ராம் சேருங்கள், ஃபேனைத் துடையுங்கள். அவ்வளவுதான்.

ஆனால் இந்தக் காரணத்தையே கம்பெனிகளும் சொல்கின்றன: யாரும் பிராசசர் மாற்றுவதில்லை, பிறகு சாக்கெட் எதற்கு? 2011-ல் இன்டெல் அல்ட்ராபுக் என்ற பேச்சைத் தொடங்கியது. 20 மில்லிமீட்டர் வாக்கில் தடிமன் இருக்க வேண்டும் என்றார்கள். என் டி430 கிட்டத்தட்ட 30. சாக்கெட்டும் அதன் மேல் பின் வைத்த சிப்பும் எடுக்கும் உயரத்தை அந்த மெலிசுக்குள் அடைக்க முடியாது. 2013-ல் வந்த நாலாம் தலைமுறையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன: ஐ7-4700எம்க்யூ சாக்கெட்டில், ஐ7-4700எச்க்யூ சாலிடரில். வாங்குகிறவர்களில் எத்தனை பேர் அந்த ஓர் எழுத்தைக் கவனித்திருப்பார்கள்? ஐந்தாம் தலைமுறையிலிருந்து லேப்டாப்புக்கான இன்டெல் சிப்கள் எல்லாமே சாலிடர்தான். ஏஎம்டியும் ஏறக்குறைய அதே சமயத்தில் அதே வழிக்குப் போனது. வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. மெலிசு வேண்டும் என்று காசு கொடுத்தது நாம்தான். பையில் போட்டு பஸ்ஸில் குலுங்கிப் போகிற பொருளில் ஒரு இணைப்பு குறைந்தால் ஒரு தொல்லையும் குறையும்.

கையேட்டைப் படித்தபோது எனக்கு வேறொன்று கண்ணில் பட்டது. டி430 கையேட்டின் பாகப் பட்டியலில் சிஸ்டம் போர்டுக்கு ஒரு எண், சிபியுவுக்கு வேறு எண். அதே வருஷம் வந்த சின்னத் தம்பி எக்ஸ்230-ன் கையேட்டை எடுத்துப் பாருங்கள். அதிலும் என்னுடைய பழைய ஐ5-3320எம் வருகிறது, ஆனால் தனி வரியாக இல்லை. இந்த சிபியு வைத்த போர்டு, அந்த சிபியு வைத்த போர்டு என்று போர்டுக்கு அடைமொழியாக மட்டும் வருகிறது. ஒரே கம்பெனி, ஒரே வருஷம், ஒரே சிப். ஒன்றில் பெயர்ச்சொல், இன்னொன்றில் பெயரெச்சம் மாதிரி.

இந்த வித்தியாசம் வேகத்தைப் பற்றியது இல்லை, விலையைப் பற்றியது. பிராசசர் சுலபத்தில் சாகாது. சாவது போர்டுதான். சார்ஜிங் பகுதி, பவர் ஐசி, தண்ணீர் பட்ட ஒரு மூலை. கடற்கரைக்குக் கிட்ட இருக்கும் வீடுகளில் உப்புக் காற்று வேறு. என் டி430-ன் போர்டு நாளைக்குச் செத்தால் சிபியு, ராம், டிஸ்க், வைஃபை கார்டு எல்லாவற்றையும் கழற்றி வைத்துக்கொண்டு வெறும் போர்டு மட்டும் வாங்குவேன். சாலிடர் ஆன மெஷினில் போர்டு செத்தால், நன்றாக இருக்கிற பிராசசரையும் சேர்த்து இரண்டாவது முறை விலை கொடுத்து வாங்க வேண்டும்.

மாடி வீட்டில் நடந்தது அதுதான். சர்வீஸ் சென்டரில் பார்த்துவிட்டு போர்டு போய்விட்டது, மாற்ற வரியோடு 31,000 ஆகும் என்று எழுதிக் கொடுத்தார்கள். பையன் இன்ஜினியரிங் கடைசி வருஷம், புராஜெக்ட் ஓடிக்கொண்டிருக்கிறது. அவன் அம்மா ஒரு தனியார் பள்ளியில் டீச்சர். "சார், இன்னும் கொஞ்சம் போட்டா புதுசே வாங்கிடலாம்னு அவங்களே சொல்றாங்க. அப்ப எதுக்கு சார் சர்வீஸ் சென்டர்னு வெச்சிருக்காங்க?" என்றார். என்னிடம் பதில் இல்லை. அந்த எஸ்டிமேட் காகிதத்தில் பாகம் என்ற இடத்தில் ஒரே ஒரு வரிதான் இருந்தது.

இந்த இடத்தில் அரசாங்கம் என்ன சொல்கிறது என்று தேடினேன். ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை 2024 செப்டம்பரில் ஒரு குழு அமைத்தது. பாரத் கேரா தலைமையிலான அந்தக் குழு 2025 மே மாதம் 'பழுதுபார்ப்புக் குறியீடு' பற்றிய அறிக்கையைக் கொடுத்தது. பொருள் வாங்கும்போதே அது எவ்வளவு சுலபமாகப் பழுதுபார்க்கக்கூடியது என்று மதிப்பெண் ஒட்டியிருக்க வேண்டும் என்பது யோசனை. நல்ல யோசனை. ஆனால் முதல் கட்டத்தில் ஸ்மார்ட்போனும் டேப்லெட்டும் மட்டும்தான். லேப்டாப் இல்லை. மதிப்பெண்ணை கம்பெனிகளே கணக்கிட்டு அறிவிக்கும். அளவுகோல்கள் ஆறு: பிரிப்பதற்கு எத்தனை படி, பழுதுபார்ப்புத் தகவல், உதிரிப்பாகம் நேரத்துக்குக் கிடைப்பது, மென்பொருள் அப்டேட், கருவிகள், திருகு மாதிரியான பிணைப்புகள்.

பட்டியலை இரண்டு முறை படித்தேன். உதிரிப்பாகத்தின் விலை என்று ஒரு வரி இல்லை.

பிரான்ஸில் 2021 ஜனவரியிலிருந்தே இப்படி ஒரு குறியீடு கட்டாயம். முதல் நாளிலிருந்தே லேப்டாப் அதில் உண்டு. அதன் ஐந்து அளவுகோல்களில் ஒன்று, பாகத்தின் விலைக்கும் பொருளின் விலைக்கும் உள்ள விகிதம். அந்தக் கணக்கில் 48,000-க்கு 31,000 என்பது அவமானமான எண். நம் அளவுகோலில் அது தெரியவே தெரியாது. போர்டு நாலு நாளில் கிடைக்கும், கழற்றப் பத்துத் திருகு போதும், எல்லாம் சாதாரண ஸ்க்ரூடிரைவர்: நல்ல மதிப்பெண்ணே வாங்கிவிடும். பிரெஞ்சுக் குறியீட்டிலும் கம்பெனிகளே மதிப்பெண் போட்டுக்கொள்ளும் குறை உண்டு, அதைப் புனிதப்படுத்த நான் வரவில்லை. ஆனாலும், எஸ்டிமேட் காகிதத்தைக் கையில் வாங்கிய ஒருவர் எழுதிய அளவுகோல் எது, வாங்காதவர் எழுதியது எது என்று பார்த்தாலே தெரிகிறது.

மிச்சக் கதையைச் சொல்கிறேன். அடுத்த சனிக்கிழமை பையனை அழைத்துக்கொண்டு மறுபடி ரிச்சி தெரு. இந்தத் தடவை 'சிப் லெவல் சர்வீஸ்' என்று போர்டு மாட்டிய, இரண்டு பேர் நின்றால் நிறைந்துவிடும் ஒரு கடை. அங்கிருந்த தம்பிக்கு முப்பது வயதுகூட இருக்காது. எங்களிடம் எதுவும் கேட்கவில்லை. போர்டை வெளியே எடுத்து மல்டிமீட்டர் வைத்தார். "மெயின் லைன் ஷார்ட் சார்" என்றார். பிறகு போர்டின் மேல் ஐபிஏ திரவத்தைத் தடவிவிட்டு பவர் சப்ளையிலிருந்து ஒரு வோல்ட் கொடுத்தார். போர்டு முழுக்க ஈரம் மினுமினுத்தது, ஒரு அரிசி மணி அளவு இடம் மட்டும் சட்டென்று காய்ந்தது. ஷார்ட் ஆன பாகம் சூடாகும், சூடான இடத்தில் திரவம் முதலில் ஆவியாகும், அவ்வளவுதான் தந்திரம். ஒரு கபாசிட்டர். ஹாட் ஏரில் அதை எடுத்து, பழைய போர்டு ஒன்றிலிருந்து இன்னொன்றைக் கொண்டுவந்து வைத்தார். பட்டனை அழுத்தினால் விளக்கு வந்தது. 1,800 ரூபாய். பையன் போனில் அம்மாவைக் கூப்பிட்டபோது குரல் உடைந்ததை நான் கவனிக்காத மாதிரி இருந்தேன்.

வேலை நடந்தபோது அவருடைய மானிட்டரில் அந்த போர்டின் சர்க்யூட் படம் திறந்திருந்தது. ஓரத்தில் ஆங்கிலத்தில் 'ரகசியம்' என்று முத்திரை. எப்படிக் கிடைத்தது என்று கேட்டேன். சிரித்தார். "குரூப்ல வரும் சார். வரலைன்னா போர்டு போச்சு."

இதற்குப் பிறகு என் பிரியமான திங்க்பேட் கையேட்டை மறுபடி திறந்தபோது முன்பு தெரியாத ஒரு குறை தெரிந்தது. இந்தப் புத்தகம் பயிற்சி பெற்ற டெக்னீஷியனுக்கு மட்டும் என்று முன்னாலேயே சொல்லிவிடுகிறது. சரி. ஆனால் அந்த டெக்னீஷியனும் போர்டு வரைதான் போகலாம். போர்டுக்குள் என்ன இருக்கிறது என்று ஒரு படம் கிடையாது. ஷார்ட் ஆன கபாசிட்டருக்கு அந்தக் கையேடும் 'சிஸ்டம் போர்டை மாற்று' என்றுதான் சொல்லும். 2012-ல் பிரிக்கக்கூடிய அலகு சிபியு, ராம், போர்டு என்று இருந்தது. இன்றைக்குப் பல மெஷின்களில் போர்டு ஒன்றுதான். 2024-ல் வந்த இன்டெல்லின் ஒரு வரிசையில் ராமே பிராசசரோடு ஒரே பேக்கேஜில் வந்துவிட்டது. ரிச்சி தெருவின் அலகு மட்டும் எப்போதும் போல ஒரு கபாசிட்டர், ஒரு மாஸ்ஃபெட், ஒரு ஐசி. குறியீட்டில் 'பழுதுபார்ப்புத் தகவல்' என்று ஒரு அளவுகோல் இருக்கிறதே, அதில் சர்க்யூட் படம் அடங்குமா? அடங்கினால் அந்தத் தம்பி திருட்டுத்தனமாகப் படிப்பதை நேராகப் படிப்பார். அடங்காவிட்டால், கம்பெனி சர்வீஸ் சென்டரில் போர்டை மாற்றத் தெரிந்தவருக்கு மட்டுமே அந்தத் தகவல் உதவும்.

என் பழைய ஐ5 மேசை டிராயரில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் இருக்கிறது. கடையில் கேட்டதற்கு 200 ரூபாய் தருகிறேன் என்றார்கள், கொடுக்க மனசு வரவில்லை. மாடி வீட்டுப் பையன் நேற்று இறங்கி வந்தான். எட்டு ஜிபி ராம் பற்றவில்லையாம், புராஜெக்ட் சிமுலேஷன் நடுவில் நின்றுவிடுகிறதாம். திறந்து பார்த்தோம். நாலு ஜிபி போர்டிலேயே சாலிடர், இன்னொரு நாலு மட்டும் ஸ்லாட்டில். அந்த ஸ்லாட்டில் எட்டு போடலாம். சனிக்கிழமை போகிறோம்.